புனே மகாபாரதச் செம்பதிப்பு: கோட்டுக்கு மேலும் கீழும் படிக்க வேண்டிய நூல்

மகாபாரதத்தை யார் இயற்றினார், அதில் உண்மையில் என்னென்ன இருக்கின்றன என்ற விவாதம் எழும்போதெல்லாம், 'புனே பதிப்பில் அது இல்லை' என்று ஒரே வரியில் பேச்சை முடித்துவிடும் வழக்கம் இப்போது பரவலாகிவிட்டது. அப்படிச் சொல்பவர்களில் எத்தனை பேர் அந்தப் பதிப்பின் தொகுதி ஒன்றையேனும் கையில் எடுத்துப் பக்கம் பக்கமாகப் பார்த்திருப்பார்கள் என்ற ஐயம் எனக்கு உண்டு. நூலகத்தில் அமர்ந்து பல பர்வங்களை அடிக்குறிப்புகளோடு சேர்த்துப் படித்துவரும் வாசகன் என்ற முறையில், புனேயின் பண்டார்கர் கீழ்த்திசை ஆய்வு நிறுவனம் வெளியிட்ட மகாபாரதச் செம்பதிப்பை, அதாவது பல சுவடிகளை ஒப்பிட்டு மூலபாடத்தை நிறுவும் பதிப்பைப் பற்றி, வாங்க விரும்புவோருக்கும் நூலகத்தில் எடுத்துப் பார்க்க விரும்புவோருக்கும் பயன்படும் வகையில் எழுத முயல்கிறேன்.

முதலில் நூலைப் பற்றிய அடிப்படைத் தகவல்கள். ராமகிருஷ்ண கோபால் பண்டார்கரின் பெயரில் 1917-இல் புனேயில் தொடங்கப்பட்ட அந்த நிறுவனம், 1919-இல் இந்தப் பணியைக் கையில் எடுத்தது. 1925-இல் பொதுப் பதிப்பாசிரியராகப் பொறுப்பேற்ற வி. எஸ். சுக்தங்கர்தான் இன்றுள்ள வடிவத்துக்கான நெறிமுறைகளை வகுத்தவர். அவர் பதிப்பித்த ஆதி பர்வம் 1933-இல் நிறைவுற்றது. 1943-இல் அவர் மறைந்த பின் எஸ். கே. பெல்வல்கரும், அவரைத் தொடர்ந்து பி. எல். வைத்யாவும் பணியை முன்னெடுத்துச் சென்றார்கள். 1966 செப்டம்பரில் குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் முன்னிலையில் பணி நிறைவடைந்ததாக அறிவிக்கப்பட்டபோது, 18 பர்வங்களும் 19 தொகுதிகளாக வெளிவந்திருந்தன. இதற்காகப் பயன்பட்ட சுவடிகள் 1,259 என்று நிறுவனம் கணக்குச் சொல்கிறது. ஆதி பர்வத்துக்கு மட்டும் 235 சுவடிகள் பார்வையிடப்பட்டு, அவற்றில் ஏறத்தாழ 60 சுவடிகள் வரிக்கு வரி ஒப்பிடப்பட்டன. காஷ்மீரத்தின் சாரதா, நேபாளம், மிதிலை, வங்காளம், தேவநாகரி ஆகிய வட எழுத்துகளிலும், தெலுங்கு, கிரந்தம், மலையாளம் ஆகிய தென் எழுத்துகளிலும் இருந்த சுவடிகள் அவை. தஞ்சை சரஸ்வதி மகாலின் கிரந்தச் சுவடிகளும் அவற்றில் இடம்பெற்றன என்பதைத் தமிழ் வாசகர்கள் அறிந்துகொள்வது நல்லது.

ஒரு பக்கம் எப்படி அமைந்திருக்கிறது என்பதைச் சொன்னால்தான் நூலின் தன்மை விளங்கும். பக்கத்தின் மேற்பகுதியில், பெரிய தேவநாகரி எழுத்தில், பதிப்பாசிரியர் தேர்ந்தெடுத்த மூலபாடம் இருக்கும். பல இடங்களில் அது சில சுலோகங்களோடு நின்றுவிடும். அதன் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே, கண்ணை உறுத்தும் சிறிய எழுத்தில், எந்தச் சுவடியில் எந்தச் சொல் மாறியிருக்கிறது, எந்த வரி எந்த நாட்டுச் சுவடியில் கூடுதலாக இருக்கிறது என்ற விவரங்கள் அடுக்கடுக்காக வரும். கூடுதல் வரிகளுக்கு எண்ணும் நட்சத்திரக் குறியும் இடப்பட்டிருக்கும். நீண்ட பகுதிகளாக இருந்தால் அவை தொகுதியின் இறுதியில் உள்ள பிற்சேர்க்கைக்குப் போயிருக்கும். மேலே உள்ள மூலபாடத்திலும், பதிப்பாசிரியருக்கு உறுதி போதாத சொற்களின் அடியில் நெளிகோடு போடப்பட்டிருக்கும். 'இது என் முடிவு, ஆனால் ஐயத்துக்கு இடமுண்டு' என்று ஒரு பதிப்பாசிரியர் சொல்லுக்குச் சொல் ஒப்புக்கொள்ளும் இந்த நேர்மைதான் இந்தப் பதிப்பின் மீது எனக்கு முதலில் மதிப்பை உண்டாக்கியது.

இந்தப் பக்க அமைப்பின் பயனை முழுமையாக உணர வேண்டுமானால், ஃபிராங்க்ளின் எட்ஜெர்டன் பதிப்பித்த சபா பர்வத்தில், திரௌபதியின் துகில் உரியப்படும் 61-ஆம் அத்தியாயத்தைத் திறக்க வேண்டும். 'ஆக்ருஷ்யமாணே வஸனே திரௌபத்யாஸ்து விசாம்பதே, தத்ரூபம் அபரம் வஸ்த்ரம் ப்ராதுராஸீத் அநேகசஃ' என்பது மூலபாடம். ஆடை இழுக்கப்பட இழுக்க, அதைப் போன்றே வேறு ஆடை மீண்டும் மீண்டும் தோன்றியது என்பதே செய்தி. யார் தந்தார்கள் என்று மூலபாடம் சொல்லவில்லை. 'கோவிந்தா, துவாரகையில் வாழ்பவனே, கோபியரின் அன்பனே' என்று அவள் அழைக்கும் புகழ்பெற்ற வேண்டுதல் கோட்டுக்குக் கீழே நட்சத்திரக் குறியோடு இருக்கிறது. இதை மட்டும் பார்த்துவிட்டு, 'திரௌபதி கண்ணனை அழைக்கவே இல்லை, பிற்காலத்தார் சேர்த்த கதை' என்று கூறிவிடுவது எளிது. பலரும் அப்படித்தான் கூறுகிறார்கள்.

ஆனால் அதே பதிப்பின் வேறு இரண்டு தொகுதிகளை அருகில் வைத்துக்கொண்டால் செய்தி வேறாகிறது. சுக்தங்கரே பதிப்பித்த வன பர்வத்தில், காட்டுக்கு வந்த பாண்டவர்களைச் சந்திக்கும் கண்ணன், தான் அப்போது துவாரகையில் இருந்திருந்தால் இந்தத் துன்பம் நேர்ந்திருக்காது என்றும், சால்வனோடு போர் செய்யப் போயிருந்ததாகவும் சொல்கிறான். ஆடை தந்ததாக அவன் குறிப்பிடவில்லை. எஸ். கே. டே பதிப்பித்த உத்தியோக பர்வத்தின் 58-ஆம் அத்தியாயத்திலோ, 'தொலைவில் இருந்த என்னைக் கோவிந்தா என்று கிருஷ்ணை (திரௌபதி) கூவி அழைத்தாளே, அந்தக் கடன் வளர்ந்து என் நெஞ்சை விட்டு அகலாமல் இருக்கிறது' என்று அவனே சஞ்சயனிடம் சொல்கிறான். இந்த வரி அடிக்குறிப்பில் இல்லை, மூலபாடத்திலேயே இருக்கிறது. ஆகவே, அவள் அழைத்தாள் என்ற நம்பிக்கை சுவடிகள் நம்மைக் கொண்டுசேர்க்கும் மிகப் பழைய அடுக்கிலேயே உண்டு; அழைப்பின் சொற்கள் சபா பர்வத்துக்குள் விரிவாக வந்து அமர்ந்தது மட்டுமே பிந்தையது என்று கொள்ள இடமிருக்கிறது. ஆடை வழங்கியது தர்மமா, கண்ணனா என்பதில் கதைசொல்லிகளுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது என்பதையும், அந்த வேறுபாடு தீர்க்கப்படாமலே நூலுக்குள் வாழ்ந்தது என்பதையும் இந்த மூன்று இடங்களும் சேர்ந்து காட்டுகின்றன. ஒரு தொகுதியை மட்டும் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்பவர்கள் இழப்பது இதைத்தான்.

துரியோதனன் மாளிகையில் தடுமாறியபோது 'குருடன் மகனும் குருடன்' என்று திரௌபதி சொன்னதாக நாடகங்களிலும் தொலைக்காட்சித் தொடர்களிலும் வரும் உரையாடலும் இப்படித்தான் சோதிக்கப்பட வேண்டியது. மூலபாடத்தில் அந்தச் சொற்கள் இல்லை. சம்பவத்தை நேரடியாகச் சொல்லும் இடத்தில் சிரிப்பவர்கள் பீமன் முதலிய ஆண்கள். பின்னர் துரியோதனன் தன் தந்தையிடம் முறையிடும்போதுதான், கண்ணனும் பார்த்தனும் சிரித்ததாகவும், திரௌபதியும் மற்றப் பெண்களோடு சேர்ந்து சிரித்துத் தன் மனத்தைப் புண்படுத்தியதாகவும் சொல்கிறான். நூல் சொல்வதும் பாத்திரம் சொல்வதும் வேறுபடும் இந்த நுட்பம், பிந்தைய சித்திரிப்புகளில் முற்றிலும் அழிந்துபோய், பழி முழுவதும் ஒரு பெண்ணின் தலையில் இறங்கியிருப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. சுயம்வரத்தில் கர்ணனைப் பார்த்து 'சூதனை மணக்க மாட்டேன்' என்று அவள் மறுக்கும் இடமும் செம்பதிப்பில் மூலபாடமாக ஏற்கப்படவில்லை.

ஆசிரியர் யார் என்ற கேள்விக்கு வருவோம். வியாசர் சொல்லச் சொல்லப் பிள்ளையார் எழுதினார் என்ற கதை ஆதி பர்வத்தின் பிற்சேர்க்கையில் முதல் உருப்படியாக இருக்கிறது. அதாவது, அதை ஏற்கும் சுவடிகள் உண்டு, ஆனால் எல்லா மரபுகளுக்கும் பொதுவான பாடமாக அதைக் கொள்ள முடியவில்லை. அது நீங்கிய பிறகும் மிஞ்சும் செய்திகள் அதைவிடச் சுவையானவை. இந்த நூலை மனுவில் தொடங்கிப் படிப்பவர்கள் சிலர், ஆஸ்தீகரில் தொடங்குபவர்கள் சிலர், உபரிசரனில் தொடங்குபவர்கள் சிலர் என்று முதல் அத்தியாயமே சொல்கிறது. உபாக்கியானங்கள் எனப்படும் கிளைக்கதைகள் இல்லாத பாரதம் 24,000 சுலோகங்கள் என்றும் அது கூறுகிறது. வியாசர் தம் மகன் சுகருக்கும் சுமந்து, ஜைமினி, பைலர், வைசம்பாயனர் ஆகியோருக்கும் கற்பித்தார் என்றும், அவர்கள் தனித்தனியே பாரத சம்ஹிதைகளை வெளியிட்டார்கள் என்றும் 57-ஆம் அத்தியாயம் தெரிவிக்கிறது. ஜனமேஜயனின் சர்ப்ப வேள்வியில் வைசம்பாயனர் சொன்னதை, நைமிசாரண்யத்தில் உக்ரசிரவஸ் என்ற கதைசொல்லி திரும்பச் சொல்வதாகவே நாம் படிக்கும் வடிவம் அமைந்திருக்கிறது. தன் தொடக்கம் ஒன்றல்ல, தன்னைச் சொன்ன வாய் ஒன்றல்ல என்று நூலே வாக்குமூலம் கொடுக்கும்போது, ஒரே ஆசிரியர் ஒரே மூச்சில் எழுதினார் என்று நிறுவப் பாடுபடுவதும், வியாசர் என்பவரே கற்பனை என்று ஏளனம் செய்வதும் நூலின் வாக்கைக் கேட்காத செயல்களாகவே எனக்குப் படுகின்றன.

நம்பிக்கைகளின் வேறுபாட்டுக்கு சாந்தி, அநுசாஸன பர்வங்களைப் போல வளமான இடம் வேறில்லை. சாந்தி பர்வத்தின் நாராயணீயப் பகுதி நாராயணனையே பரம்பொருளாக முன்வைக்கிறது. அங்கேயே, ருத்திரனும் நாராயணனும் இரண்டாக வகுக்கப்பட்ட ஒரே பொருள் என்ற கூற்றும் வருகிறது. அநுசாஸன பர்வத்தில் சிவ சகஸ்ரநாமமும் விஷ்ணு சகஸ்ரநாமமும் இரண்டும் உள்ளன. சாம்பவதிக்கு மகன் வேண்டும் என்பதற்காகக் கண்ணனே சிவனை நோக்கித் தவம் செய்யும் கதையும் அங்கேதான் இருக்கிறது. சைவர்கள் ஒன்றையும் வைணவர்கள் இன்னொன்றையும் பிற்சேர்க்கை என்று தள்ளிவிட ஆசைப்படலாம்; செம்பதிப்பு இரண்டையும் மூலபாடத்தில் வைத்திருக்கிறது. சாங்கியம், யோகம், பாஞ்சராத்திரம், வேதம், பாசுபதம் ஆகிய இந்த அறிவுகள் வெவ்வேறு மதங்களைக் கொண்டவை என்று அறிந்துகொள் என சாந்தி பர்வமே (12.337) ஓர் அரசனுக்குச் சொல்கிறது. எல்லாம் ஒன்றே என்று பூசி மெழுகாமல், வேறுபாடு உண்டு என்று பெயர் சொல்லி ஒப்புக்கொள்ளும் அந்த வரியை நான் இந்தப் பதிப்பில்தான் முதன்முதலாக நின்று நிதானித்துப் படித்தேன்.

வேள்வியைப் பற்றிய கருத்தும் அப்படியே. யுதிஷ்டிரரின் அசுவமேதத்தை விரிவாகப் புகழ்ந்து முடிக்கும் ஆசுவமேதிக பர்வம், கடைசியில் பாதி உடல் பொன்னான ஒரு கீரியை உள்ளே அனுப்புகிறது. குருக்ஷேத்திரத்தில் சிந்திய தானியம் பொறுக்கி வாழ்ந்த ஓர் ஏழை அந்தணர், பசித்த விருந்தினருக்குக் கொடுத்த ஒரு படி மாவுக்கு இந்தப் பெருவேள்வி ஈடாகாது என்று அந்தக் கீரி அவையினர் முன்னிலையில் சொல்கிறது. இந்தக் கதை மூலபாடத்திலேயே இருக்கிறது. எனவே, மாறுபட்ட குரல்களை எல்லாம் பதிப்பாசிரியர்கள் களைந்துவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டு நிற்காது. சுவடிச் சான்று இருந்தால் முரணும் மேலே இருக்கிறது. சான்று இல்லாவிட்டால் அன்புக்குரிய பகுதியும் கீழே போகிறது. விராட, பீஷ்ம பர்வங்களில் வரும் துர்க்கைத் துதிகள் இரண்டும் பிற்சேர்க்கைக்குப் போயிருப்பது இந்த விதியினால்தான். பகவத்கீதை 700 சுலோகங்களோடு நிற்கிறது. கண்ணன் 620, அர்ச்சுனன் 57, சஞ்சயன் 67, திருதராட்டிரன் 1 என்று 745 கணக்குக் காட்டும் வரிகள் மூலபாடத்தில் ஏற்கப்படவில்லை.

பதிப்பு முறையின் எல்லைகளையும் சொல்லியாக வேண்டும். வடநாட்டுச் சுவடிகளும் தென்னாட்டுச் சுவடிகளும் ஒத்துப்போகும் இடமே பழமையானது என்பது சுக்தங்கரின் அடிப்படை அளவுகோல். காஷ்மீர மரபுக்கு அவர் பெரும் மதிப்புக் கொடுத்தார். இதன் விளைவாகக் கிடைத்திருப்பது வியாசர் வாயிலிருந்து வந்த முதல் வடிவம் என்று அவர் எங்கும் உரிமை கோரவில்லை. கிடைத்த சுவடிகள் எவ்வளவு பின்னோக்கிப் போக இடம் தருகின்றனவோ அவ்வளவு பழைய வடிவம் என்றுதான் முன்னுரையில் அடக்கமாக எழுதுகிறார். பிற்பாடு நேபாளத்திலிருந்து கிடைத்த பழைய ஆதி பர்வச் சுவடி அவருடைய முடிவுகளுக்கு வலுச் சேர்த்தது. இருந்தும், பிரெஞ்சு அறிஞர் சில்வான் லெவி, இப்படிப் பாடத்தைக் கட்டியெழுப்புவதைவிட நீலகண்டர் உரையோடு வழங்கும் பாடத்தை அடியாக வைத்து வேறுபாடுகளைக் கீழே கொடுப்பதே நல்லது என்று கருதினார். அந்த எதிர்ப்பில் நியாயம் உண்டு. செம்பதிப்பின் மூலபாடம் முழுவதையும் அதே வடிவில் கொண்ட சுவடி எந்தக் கோயிலிலும் எந்த வீட்டிலும் ஓதப்பட்டதில்லை. அது இருபதாம் நூற்றாண்டின் அறிஞர்கள் சான்றுகளைக் கொண்டு மீட்டெடுத்த வடிவம். பர்வத்துக்குப் பர்வம் பதிப்பாசிரியர் மாறுவதால் கண்டிப்பின் அளவும் மாறுகிறது. ஆதி பர்வத்தில் காணப்படும் விளக்கச் செழுமை எல்லாத் தொகுதிகளிலும் இல்லை.

தென்னாட்டு வாசகருக்கு இன்னொரு குறையும் தெரியும். நம்முடைய சுவடிகளில் நூல் 18 பர்வங்களாக இல்லாமல் 24 பர்வங்களாகப் பிரிகிறது. சகுந்தலை கதைக்கு முன்பே யயாதி கதை வந்துவிடுகிறது. ஆசுவமேதிகத்தில் நீண்ட வைஷ்ணவ தர்மப் பகுதி ஒன்று சேர்ந்திருக்கிறது. இவை அனைத்தும் செம்பதிப்பில் குறிப்புகளாகச் சிதறிக் கிடக்கின்றன. தென்னாட்டுப் பாடத்தைத் தொடர்ச்சியாகப் படிக்க விரும்புபவர், 1906 முதல் 1910 வரை வெளிவந்த கும்பகோணம் பதிப்பையோ, 1930-களில் சென்னையில் பி. பி. எஸ். சாஸ்திரி பதிப்பித்த தென்னாட்டுப் பாடத்தையோதான் தேட வேண்டும். தமிழிலேயே பிறந்த சித்திரிப்புகளுக்கு இந்தப் பதிப்பில் இடமே கிடையாது. போர்க்களத்தில் வீழ்ந்து கிடக்கும் கர்ணன், வேதியனாக வந்த கண்ணனுக்குத் தன் புண்ணியம் முழுவதையும் தாரை வார்க்கும் காட்சி வில்லிபுத்தூராரிடம் உண்டு. தெருக்கூத்தில் அதைக் கண்டு கண்ணீர் விடாதவர் குறைவு. வடமொழிச் சுவடிகளை ஆராயும் பதிப்பில் அதைத் தேடுவதும், அங்கே காணாததால் வில்லியைப் பொய்யர் என்பதும் முறையாகாது. பல்லவர் காலத்துக் கூரம் செப்பேடு பாரதம் வாசிப்பதற்கென்று பங்கு ஒதுக்கியதையும், சின்னமனூர்ச் செப்பேடு மகாபாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதைப் பாண்டியர் பெருமையாகப் பேசுவதையும் நினைத்தால், கேட்டவர்களும் இந்த நூலின் ஆக்கத்தில் பங்கு பெற்றவர்கள் என்று சொல்லத் தோன்றுகிறது.

பயன்படுத்துவதில் உள்ள சிரமங்கள் சிறியவை அல்ல. மூலம் தேவநாகரியில், முன்னுரைகள் ஆங்கிலத்தில். சுவடிகளைக் குறிக்கும் ஆங்கில எழுத்துகளை முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்: தெலுங்குக்கு டி (T), கிரந்தத்துக்கு ஜி (G), மலையாளத்துக்கு எம் (M), வங்காளத்துக்கு பி (B), தேவநாகரிக்கு டி என்றே தமிழில் எழுதப்படும் இன்னோர் எழுத்து (D). இந்தப் பழக்கம் வருவதற்கு முன் அடிக்குறிப்புகள் வெறும் எழுத்துக் குவியலாகவே தெரியும். தொகுதிகள் கனமானவை, பழைய பிரதிகளின் தாள் பல நூலகங்களில் ஒடியும் நிலையில் இருக்கிறது. அடிக்குறிப்பில்லாமல் மூலபாடத்தை மட்டும் தனியாக அச்சிட்ட தொகுப்பும் 1970-களில் வந்தது. அதோடு, ஜப்பானிய அறிஞர் முனேயோ டொகுனாகா கணினியில் ஏற்றி, கேம்பிரிட்ஜின் ஜான் ஸ்மித் திருத்திய மின்பாடம் இலவசமாகவே கிடைக்கிறது. ஒரு சொல் எங்கெங்கே வருகிறது என்று தேட அந்த மின்பாடம் மிகச் சிறந்த கருவி. ஆனால் ஒரு பகுதி 'இருக்கிறதா, இல்லையா' என்று தீர்ப்பதற்கு அதைப் பயன்படுத்துவதை நான் வன்மையாக மறுக்கிறேன். நெளிகோடும் சுவடிப் பட்டியலும் அருகில் இல்லாத மூலபாடம், பதிப்பாசிரியரின் ஐயத்தை மறைத்து அவருடைய முடிவை மட்டுமே காட்டும். மேலே நான் சொன்ன தவறான வாதங்களில் பெரும்பாலானவை அங்கிருந்துதான் புறப்படுகின்றன என்பது என் எண்ணம்.

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பரிந்துரை இது. வடமொழியில் ஓரளவு பயிற்சி உள்ளவர்கள், முழுத் தொகுப்புக்குப் பணம் சேர்த்துக்கொண்டு காத்திருக்காமல், ஆதி பர்வத் தொகுதியைத் தேடிப் பிடித்து சுக்தங்கரின் முன்னுரையை முதலில் படிக்கலாம்; அடுத்து சபா, உத்தியோக பர்வங்களை ஒன்றாக வைத்துக்கொண்டு திரௌபதி தொடர்பான இடங்களை அடிக்குறிப்புகளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். பக்தியோடு பாராயணம் செய்ய விரும்புபவர்களுக்கு இந்தப் பதிப்பு உரியதன்று. அவர்களுக்குத் தங்கள் மரபில் வழங்கும் பாடமே பொருத்தமானது. கதையைத் தமிழில் படிக்க விரும்புபவர்களுக்கு நேரடிப் பயன் குறைவு. கல்லூரி நூலகங்களும் தமிழ்த்துறைகளும் இதை அவசியம் வைத்திருக்க வேண்டும். வில்லிபாரதத்தையோ பெருந்தேவனாரையோ ஆராயும் மாணவர், தமிழ்க் கவிஞர் கையாண்ட கதைக்கூறு தென்னாட்டுச் சுவடிகளில் உள்ளதா, அவர் தாமே படைத்ததா என்று சோதிக்க இதைவிட நம்பகமான துணை இல்லை. கோட்டுக்குக் கீழே உள்ளவற்றோடு சேர்த்து, தேர்ந்தெடுத்த பர்வங்களையேனும் தமிழில் தருவதற்கு ஒரு பல்கலைக்கழகம் முன்வந்தால், முதல் பிரதிக்கு முன்பணம் கட்டுபவர்களில் நானும் இருப்பேன்.